சோறு போட்டுவிட்டு வந்தேன்

மஞ்சளாகத்தான் இருந்தது. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது, மைக்ராஸ்கோப்பின் கீழே வைக்க வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் வைத்துப் பார்த்தேன், பார்க்காமல் இருக்கத் தெரிந்தவளாக இருந்தால் நான் எதற்கு இந்த வேலைக்கு வந்திருக்கப் போகிறேன். சரி, அது காலையில். இப்போது அதை நினைக்கக் கூடாது. இப்போது பார்க்க வேண்டியது அக்காவின் தலைக்கு மேலே தொங்குகிற பையை. அதில் மிச்சம் எவ்வளவு, சொட்டு ஒழுங்காக விழுகிறதா, ஊசி குத்தின இடம் வீங்குகிறதா, கீமோவுக்குத் துணையாக வந்தவளின் வேலை அவ்வளவுதான். அக்கா சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கிடக்கிறாள். தூங்கவில்லை. தூங்கினால் அவளுக்கு வாய் லேசாகத் திறந்துகொள்ளும், இப்போது உதடு ஒட்டியிருக்கிறது. தலையில் எனக்குப் பிடிக்காத அந்தப் பச்சைத் துணித் தொப்பி. முடி கொட்டினபோது நான்தான் அழுதேன். அவள் வாசலுக்குப் போய் ஹெல்மெட்டை மாட்டிப் பார்த்துவிட்டு வந்து, "இத்தன வருசத்துல இப்பத்தான் அம்மிணி, கொண்டை இடிக்காம உக்காருது" என்றாள். சாந்தாமணி என் அக்கா. பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற சாந்தாமணி என்றால் சிங்காநல்லூர் ஆட்டோ ஸ்டாண்டில் தெரியாதவர் கிடையாது, பாதிப் பேருக்கு அவள் மேல் கோபம், அவர்கள் சவாரியைக் கெடுத்தவள் அவள்தானே. மருந்து தண்ணீர் மாதிரிதான் இருக்கிறது. பிளாட்டினம் கலந்தது என்று முதல் தடவை டாக்டர் சொன்னபோது, "தங்கத்த விட ஒசத்தியா? அப்ப ஒரு சோடி கம்மலா அடிச்சுக் குடுத்திருக்கலாமுங்களே" என்று கேட்டு அவரைச் சிரிக்க வைத்தாள். அது முதல் சுற்று. அப்போது மருந்து அடித்த அடியில் கட்டி சுருங்கிப்போனது, எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தாள். பிறகு திரும்பி வந்தது. இப்போது அதே மருந்து, அதே நாற்காலி, ஆனால் டாக்டர் இந்தத் தடவை சிரிக்கவில்லை, ரத்தத்தில் கட்டியைக் காட்டிக்கொடுக்கிற அளவு கொஞ்சம் ஏறியிருக்கிறது, இதையும் ஏற்றிவிட்டு ஸ்கேன் பார்க்கலாம் என்றார். கொஞ்சம் என்றால் எவ்வளவு கொஞ்சம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். மஞ்சளாகத்தான் இருந்தது.

இந்த ஆஸ்பத்திரியின் பின்புறம், கேன்டீனைத் தாண்டிப் போனால் எங்கள் ஆராய்ச்சிக் கூடம். நான் அங்கே வேலை பார்க்கிறேன் என்பதை அக்கா இந்த வார்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள், அதனால் பக்கத்து நாற்காலிக்காரர்கள் என்னிடம் என்னென்னவோ கேட்கிறார்கள், சீதாப்பழம் சாப்பிடலாமா என்றுகூடக் கேட்கிறார்கள், நான் பிளாஸ்டிக் குடுவைக்குள் செல் வளர்க்கிறவள், சீதாப்பழத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும். சினைப்பைப் புற்றுநோயின் செல்கள். அவை ஒரு இளஞ்சிவப்புத் திரவத்தில் வாழும், ரோஸ்மில்க்கில் நிறையத் தண்ணீர் விட்டது மாதிரி இருக்கும். சத்து எல்லாம் அதில்தான். செல்கள் தின்னத் தின்ன அது புளித்து மஞ்சளாகும். மஞ்சள் என்றால் உள்ளே குடித்தனம் நன்றாக நடக்கிறது என்று அர்த்தம். உடனே பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் பட்டினியில் போய்விடும். இதற்கு நாங்கள் சொல்கிற பெயர் சோறு போடுவது. லீவில் போகிறவர்கள், என் செல்லுக்கு மறக்காமல் சோறு போட்டுவிடுங்கள் என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். செத்ததற்குச் சோறு கிடையாது. செத்தது உருண்டு மிதக்கும், திரவம் இளஞ்சிவப்பாகவே இருக்கும், ப்ளீச் ஊற்றிக் கொட்டிவிடுவோம். இதை ஒருநாள் அக்காவிடம் சொன்னபோது, "நம்மூட்டு மாதிரிதான், உசுரோட இருக்கறவனுக்குத்தான் தட்டு" என்றாள். அவளுக்கு எதுவும் ஒரு தடவை சொன்னால் போதும், மறக்காது, அதுதான் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது. போன மழைக்காலத்தில் அவள் வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது. அதை எடுத்தபோது, அதில் மிதக்கிற செல்களை ஆராய்ச்சிக்குத் தரச் சம்மதமா என்று கேட்டார்கள். "கீழ ஊத்தற தண்ணிதானுங்களே, எங்க அம்மிணிகிட்டயே போகட்டும்" என்று சொல்லிவிட்டாள். எங்கள் கூடத்துக்குத் தலைவரான மேடம்தான் உறுதியாக நின்றார். இதை இர்ஃபானா மட்டும் பார்க்கட்டும், நீ பக்கத்தில் போகாதே, கூடப்பிறந்தவளின் குடுவையை யாரும் நடுநிலையாகப் பார்க்க முடியாது என்றார். நியாயமான பேச்சு. இர்ஃபானா என்னுடன் வேலை செய்கிற பெண், கெட்டிக்காரி, அவளும் அந்தச் சொல்லைக் காப்பாற்றினாள், நான் வந்தால் குடுவையை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிடுவாள். ஆனால் தங்கை கல்யாணம் என்று ஆம்பூருக்குப் போனவளுக்கு மேடமும் வெளியூர் போயிருப்பது அங்கே போனபிறகுதான் ஞாபகம் வந்திருக்கிறது. போன் பண்ணினாள். பின்னால் ஒரே பாத்திரச் சத்தம். "அக்கா, கீழ்த்தட்டுல மூணு குடுவை. சோறு மட்டும் போட்டுடுங்க. பார்க்காதீங்க, ப்ளீஸ்." பார்க்காமல் எப்படிம்மா சோறு போடுவது.

மூன்று குடுவை. ஒன்றுக்கு மருந்தே இல்லை, அது சும்மா ஒப்பிட்டுப் பார்க்க. இரண்டாவதற்கு இதோ தலைக்கு மேலே தொங்குகிற இதே மருந்து, கொடுத்து, கழுவி, ஓய்வு விட்டு, மறுபடியும் கொடுத்து, அக்காவுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை நடப்பதன் சின்ன நகல். மூன்றாவதில் ஒரு புரதத்தைச் செல்லுக்குள் உண்டாகவிடாமல் தடுத்துவிட்டு, அதன் பிறகு அதே மருந்து. முதல் குடுவை மஞ்சள், அது எப்படியும் மஞ்சளாகத்தான் இருக்கும். மூன்றாவது இளஞ்சிவப்பு. உள்ளே ஒன்றும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை, எல்லாம் உருண்டை உருண்டையாகச் செத்து மிதந்தன. இரண்டாவது, அந்த இரண்டாவது. மருந்து குடித்தும் மஞ்சள். மைக்ராஸ்கோப்பில் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு, கையும் காலும் நீட்டிக்கொண்டு, சௌக்கியமாக, எங்கள் அக்காவின் செல்கள். நான் என்ன செய்தேன்? கத்தினேனா, உட்கார்ந்து அழுதேனா, ஒன்றுமில்லை, பழையதை உறிஞ்சினேன், வெதுவெதுப்பாகப் புதியதை ஊற்றினேன், செல்லின் மேல் நேராக விழாமல் சுவரோரமாக மெல்ல ஊற்ற வேண்டும், செல்லுக்கு வலிக்கக் கூடாது என்று எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள், அப்படியே ஊற்றினேன். மூடியைத் திருகி உள்ளே வைத்தபோதுதான் கை நின்றது. அக்காவைத் தின்றுகொண்டிருக்கிறதற்கு நான் சோறு போட்டிருக்கிறேன். அப்புறம் வீட்டுக்குப் போய் அவளுக்கு அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி, நெய் விட்டு, டிபன் பாக்ஸில் போட்டு எடுத்துக்கொண்டு பஸ் ஏறி இங்கே வந்தேன். ரெண்டு பக்கமும் நான்தான் பரிமாறுகிறேன். பஸ்ஸில் இதை நினைத்துச் சிரிப்பு வந்தது, பக்கத்தில் இருந்த அம்மாள் நகர்ந்து உட்கார்ந்தாள். டிபன் பாக்ஸ் இன்னும் என் மடியில்தான் இருக்கிறது. அக்கா ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, தகரத்தை நக்குகிற மாதிரி இருக்கிறது என்று வைத்துவிட்டாள். அவை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்.

சொட்டு விழுகிறது. நர்ஸ் ஷைனி வந்து பார்த்துவிட்டுப் போகிறாள். நல்ல பெண், கோட்டயத்துக்காரி, தமிழில் எல்லோரையும் மரியாதை குறையாமல் அதட்டுவாள். "சாந்தாக்கா, விரல் எப்படி உண்டு?" என்று கேட்டாள், அக்கா கண்ணைத் திறக்காமலே, "விரலா? அது எங்கியோ ஊருக்குப் போயிருக்குது கண்ணு" என்றாள். மரத்துப்போய்விட்டது. இந்த மருந்து செய்கிற வேலை. விரல் நுனியில் ஆரம்பித்தது, இப்போது உள்ளங்கை, பாதம். ரவிக்கை ஊக்கு நான்தான் மாட்டிவிடுகிறேன். போன வாரம் வண்டியை எடுத்தவள் பிரேக்கைப் பிடித்திருக்கிறோமா இல்லையா என்று தெரியாமல் கையைக் குனிந்து பார்த்திருக்கிறாள், அந்த நேரத்துக்குள் வண்டி மில் மதில் மேல் போய் முட்டி நின்றது. அடி ஒன்றும் இல்லை. ஆனால் வண்டியை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டுச் சாவியை என் கையில் கொடுத்தாள், எனக்கு ஓட்டத் தெரியாது என்று தெரிந்தே கொடுத்தாள். எனக்கு ஓட்டத் தெரியாது. ஊரில் இருக்கிற பெண்களுக்கெல்லாம் கற்றுக்கொடுத்த சாந்தாமணியின் தங்கை கோகிலவாணி பஸ்ஸில்தான் போகிறாள். "நீ திரும்பித் திரும்பிப் பாக்கறவ அம்மிணி, உனக்கு வண்டி வராது" என்று என்னை மைதானத்திலிருந்து அனுப்பிவிட்டாள். மூடிப்போன மில்லின் மைதானம் அது, மாலையில் அங்கேதான் அவள் வகுப்பு. பின்னால் இருக்கிற கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவாள். ஓட்டுகிறவர்கள், அக்கா பிடிச்சிருக்கீங்களா, அக்கா பிடிச்சிருக்கீங்களா என்று கத்திக்கொண்டே போவார்கள், இவள், "புடிச்சிருக்கேன், நேராப் பாரு" என்று பதில் கொடுத்துக்கொண்டே இருப்பாள். கை எப்போதோ விட்டிருக்கும். சத்தம் மட்டும் கூட ஓடும். ரிட்டயர் ஆன லூர்து மேரி டீச்சர் அப்படித்தான் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார், "புடிச்சிருக்கியா சாந்தா?" என்று ஒவ்வொரு வளைவிலும் கேட்டார், இவள் புளிய மரத்தடியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, "புடிச்சிருக்கேனுங் டீச்சர்" என்று கத்தினாள். நான் அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தேன். சொல்லிவிட்டுக் கையை விட்டால் விழுந்துவிடுவார்கள், சொல்லாமல் விட்டால் ஓட்டிவிடுவார்கள், அவ்வளவுதான் வித்தை என்பாள். அப்படியென்றால் நானும் சொல்லாமல் விடலாம். அவள் சொன்னதுதானே. சொல்லாவிட்டால் ஓட்டிவிடுவாள்.

இல்லை, அந்தப் புரதத்தைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கும் அந்த மைதானத்துக்கும் ஏன் முடிச்சு விழுந்தது என்றால் முடிச்சுப் போட்டவள் அவள்தான். முதல் சுற்று முடிந்து தெம்பாக இருந்த ஒரு மாலையில் அங்கே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "நீ என்னதான் பண்றே, எனக்குப் புரியறாப்புல சொல்லு" என்றாள். நானும் சொன்னேன். செல்லுக்குள் எல்லாச் சாமான்களையும் செய்வதற்கான மூலம் டி.என்.ஏ., அதை வெளியே எடுத்துப் போக முடியாது, அதனால் தேவைப்படுகிற பக்கத்தை மட்டும் நகல் எடுத்து அனுப்புவார்கள், அந்த நகல்தான் ஆர்.என்.ஏ. நகலைப் பார்த்து வேலை நடக்கும், முடிந்ததும் நகல் சிதைந்துவிட வேண்டும். ஆனால் சில புரதங்கள் போய் அந்த நகலைப் பிடித்துக்கொள்ளும். எதைப் பிடித்துக்கொள்கிறதோ அது நீடிக்கும், எதை விடுகிறதோ அது போய்விடும். உன் மருந்து செய்கிற வேலை டி.என்.ஏ.வை உடைப்பது, உடைந்தால் செல் சாக வேண்டும். சாகாத செல்லில் பார்த்தால், உடைந்ததை ஒட்டவைக்கிற புரதம் ஒன்று இருக்கிறது, இன்னும் சாகாதே என்று சொல்கிற புரதம் ஒன்று இருக்கிறது, அவற்றுக்கான நகல்களை இந்தப் பிடிக்கிற புரதம் விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நகல் சிதைவதில்லை, அதனால் பழுது பார்ப்பது ஓய்வதில்லை, மருந்து உடைக்க உடைக்க செல் ஒட்டவைத்துக்கொண்டே போகிறது. எல்லாச் செல்லிலும் இது ஒன்றேதான் காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் நாங்கள் பார்க்கிற செல்களில் இதற்குப் பெரிய பங்கு. நான் இவ்வளவையும் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லி முடித்தபோது அவள் கடலையை உரித்துக்கொண்டிருந்தாள், அப்போது விரல் நன்றாக இருந்தது, ஒரு தோல்கூடக் கீழே சிந்தாமல் உரிப்பாள். "அதாவது, வண்டிக்குப் பின்னால கம்பியப் புடிச்சுட்டே ஓடற ஆளு. விழுகோணும்னு நெனைக்கற வண்டிய விழுகாம புடிச்சிருக்குது" என்றாள். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கடலையை மென்றுவிட்டு, "அப்ப அது நாந்தான்" என்றாள். எனக்கு இருபது நிமிஷம் பிடித்தது, அவளுக்கு ஒரு வரி போதும். அதன் பிறகு ஒவ்வொரு தடவை இந்த நாற்காலியில் உட்காரும்போதும் பாதிப் பையில் ஒரு கேள்வி கேட்பாள். "என்ற புள்ளைங்க எப்புடி இருக்குதுங்க?" குடுவையில் இருக்கிறவற்றைத்தான் பிள்ளைகள் என்கிறாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. எனக்குத் தெரியாதுக்கா, இர்ஃபானாதான் பார்க்கிறாள் என்று நான் இதுவரை சொன்னதெல்லாம் உண்மை. இன்றைக்குப் பை பாதியாகிக்கொண்டிருக்கிறது.

அவள் என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. இரண்டாம் சுற்று ஆரம்பிக்கிறதற்கு முந்தின நாள், அடுப்படியில். "மருந்து வேலை செய்யுதுன்னா கை மரக்கட்டும், கால் மரக்கட்டும், நான் எதுக்கும் வெசனப்படமாட்டேன். வேலை செய்யலைன்னு உனக்குத் தெரிஞ்சா சொல்லிப்போடு. சும்மா எதுக்கு என்ற வெரலக் குடுக்கோணும். மிச்சம் இருக்கற நாளைக்கு அந்த வெரல் எனக்கு வேணும்." சொல்கிறேன் என்றேன். அடுப்படியில் எதை வேண்டுமானாலும் சொல்லிவிடலாம், குக்கர் சத்தத்தில் எல்லாம் சுலபமாக இருக்கும். இப்போது பார்த்தால் ஒவ்வொரு சொட்டும் அவள் விரலிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகிறது, பதிலுக்கு எதையும் கொடுக்கவில்லை என்று எனக்கு மட்டும் தெரியும். தெரியுமா? குடுவை வேறு, உடம்பு வேறு. குடுவைக்கு ரத்தம் கிடையாது, ஈரல் கிடையாது, எதிர்ப்புச் சக்தி கிடையாது, லூர்து மேரி டீச்சர் கிடையாது. குடுவையில் பிழைத்தது உடம்பில் செத்ததும் உண்டு, நேர்மாறாகவும் உண்டு. அதோடு ஒரே ஒரு தடவை. மூன்று தடவை செய்து மூன்று தடவையும் ஒரே மாதிரி வராததை வெளியே பேசாதே என்பது மேடத்தின் சட்டம், மேடத்தின் சட்டம் என்ன, எங்கள் தொழிலின் சட்டமே அதுதான், நான் அதை நம்புகிறவள், அவசரப்பட்டு வாய் விட்டவர்களைப் பார்த்து உச்சுக் கொட்டினவள். ஒரு தடவை என்பது ஒன்றுமே இல்லை. ஆனால் அக்கா ஒரு தடவைதான். அவளை மூன்று தடவை செய்து பார்க்க முடியாது. சொல்லி, அவள் பாதியில் நிறுத்தி, பிறகு ஸ்கேனில் கட்டி சுருங்கியிருந்தது என்று வந்தால்? சொல்லாமல், கடைசிச் சொட்டு வரைக்கும் ஏற்றி, அவளுக்கு முழங்கை வரைக்கும் மரத்து, ஸ்கேனில் வளர்ந்திருந்தால்? டாக்டரிடம் சொல்லலாம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இதை வைத்து நான் மருந்தை மாற்ற முடியாது என்பார், அவர் சொல்வதும் சரி. எல்லோரும் சரி. எல்லோரும் சரியாக இருக்கும்போது அக்கா மட்டும் ஏன் இப்படி வெளுத்துப்போய்க் கிடக்கிறாள் என்று யாரையாவது பிடித்துக் கத்த வேண்டும் போல இருக்கிறது. எனக்கு அவள் வேண்டும். அவ்வளவுதான் விஷயம், மற்றதெல்லாம் படித்ததனால் வந்த பேச்சு. அம்மாவும் இப்படித்தான் வயிறு வீங்கிச் செத்துப்போனாள், அப்போது அதற்குப் பெயர்கூட யாரும் சொல்லவில்லை, அக்காதான் எனக்குத் தலை பின்னிவிட்டு ஸ்கூலுக்கு அனுப்பினாள், பின்னும்போது முடியை இழுக்காத விரல் அவளுக்கு. என் வயிற்றுக்குள்ளும் ரெண்டு சினைப்பை இருக்கின்றன, அவை என்ன நினைத்துக்கொண்டிருக்கின்றன என்று சில சமயம் கையை வைத்துப் பார்த்துக்கொள்வேன், இப்போது வைக்க மாட்டேன், டிபன் பாக்ஸ் இருக்கிறது. மூன்றாவது குடுவை. அதை ஏன் நினைக்காமல் விடுகிறேன்? அது ஜெயித்த குடுவை. பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஆளை நிறுத்திவிட்டு அதே மருந்தைக் கொடுத்தால் அக்காவின் செல்கள் செத்தன. உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக்குக்குள் நாங்கள் அவளைக் காப்பாற்றிவிட்டோம். அங்கிருந்து இந்த நாற்காலி வரைக்கும் கேன்டீனைத் தாண்டி நடந்தால் ஒரு டீ ஆறுவதற்குள் வந்துவிடலாம், நான் தினமும் நடக்கிறேன், ஆனால் அது வருவதற்கு எத்தனை வருஷம், எலியில் பார்த்து, மனிதரில் பார்த்து, வருமோ வராதோ, புரதத்தை உடம்புக்குள் போய்த் தடுக்கிற மருந்து இன்னும் எங்கள் கையில் இல்லை. பை பாதிக்குக் கீழே போய்விட்டது. கண்ணைத் திறந்துவிட்டாள்.

"அம்மிணி" என்றாள். என்னக்கா என்றேன். தண்ணீர் வேண்டுமா என்றேன், கேள்வி வராமல் இருக்கட்டும் என்று போர்வையைச் சரிசெய்தேன், சரியாகத்தான் இருந்தது. "என்ற புள்ளைங்க எப்புடி இருக்குதுங்க?" இர்ஃபானாதான்க்கா பார்க்கிறாள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாக அதைத்தான் சொல்லத் திறந்தேன். ஆனால் எங்கள் லேபில் இந்தக் கேள்விக்கு ஒரு பதில்தான் உண்டு, யார் கேட்டாலும், எந்த நேரத்தில் கேட்டாலும், கையும் வாயும் பழகின பதில், அது தானாக வந்துவிட்டது. "சோறு போட்டுட்டு வந்தேன்க்கா."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அக்கா மேலே தொங்குகிற பையைப் பார்த்தாள்.  "மருந்து குடுத்ததுக்குமா?" என்றாள்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"செத்ததுக்குத்தான் சோறு போட மாட்டீங்களே" என்றாள், நானே மறந்துபோனதை எனக்கு ஞாபகப்படுத்துகிற மாதிரி, மெதுவாக. நான் குடுவை வேறு, உடம்பு வேறு என்று ஆரம்பித்தேன். ஒரு தடவைதான் பார்த்தோம், தப்பாக இருக்கலாம், ஸ்கேன் வரட்டும், டாக்டர் வேறு மருந்து வைத்திருப்பார் என்று என்னென்னவோ சொன்னேன், எல்லாம் உண்மைதான், ஆனால் அழுதுகொண்டே சொன்னால் எது நிற்கும். அவள் குறுக்கிடாமல் கேட்டாள். பக்கத்து நாற்காலி அம்மாள் டி.வி. பார்ப்பது போல எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அழுகாத. ஷைனி வந்து வையப் போறா. அந்தப் புடிச்சுட்டு ஓடற ஆள நிறுத்திப் பாக்கறோம்னு சொன்னியே, அது?" என்றாள். அதில் செத்துவிட்டன என்றேன். "எல்லாமேவா?" எல்லாமே. அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, எனக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை. "அப்ப வழி இருக்குது." டப்பாவுக்குள்ள இருக்குதுக்கா என்றேன். "எனக்கு வருமா?" பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. அந்த நொடியில் நான் புளிய மரத்தடியைப் பார்த்தேன், டீ குடித்துக்கொண்டே கத்துகிறவளைப் பார்த்தேன். "உனக்கு வர்றதுக்குள்ள முடியாதுக்கா" என்றேன். "யாருக்காச்சும் வருமா?" வரும்னு நினைக்கிறேன் என்றேன். நினைக்கிறேன்தான், அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

"செரி" என்றாள். ஒரு நீளமான மூச்சு விட்டாள். "இந்தப் பை முடியட்டும், குத்தினது குத்தியாச்சு. அடுத்தது வேண்டாம்னு டாக்டர்கிட்ட நானே பேசிக்கறேன், வேற என்ன இருக்குதுன்னும் கேக்கறேன். நீ நடுவுல பூந்து படிச்சவளாட்டப் பேசாத. நான் நிறுத்தினாலும் நீ அங்க நிறுத்தீராத, கேட்டியா? அதுங்களுக்குச் சோறு போடு. அந்த ஆளு எதையெல்லாம் புடிச்சிருக்கான்னு முழுசாப் பாத்துப்போடு. மூணு தடவையோ முப்பது தடவையோ, உங்க மேடம் சொல்றாப்புல பாரு." சரிக்கா என்றேன். அந்த டிபன் பாக்ஸைக் கொடு என்றாள். ஒரு கை சோறு எடுத்துக் கொடுத்தேன், வாயில் வைத்துக்கொண்டு, "நெய்யி நெறைய விட்டிருக்கற போலிருக்குது, ஒண்ணுந் தெரீல, இருந்தாலும் நல்லாருக்குது" என்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் ஊசி இல்லாத கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். விரல்கள் குளிர்ந்திருந்தன. கடலை உரித்த விரல்கள், கம்பியைப் பிடித்த விரல்கள். அவை பதிலுக்கு என்னைப் பிடிக்கவில்லை, சும்மா கிடந்தன. சொல்லிவிட்டேன், சொல்லியிருக்கக் கூடாது, சொல்லத்தான் வேண்டும், நான் எங்கே சொன்னேன், அதுவாக வந்தது, அதுவாக வந்ததும் நான்தானே. சொட்டு விழுந்துகொண்டிருந்தது. ஆம்பூரில் இந்நேரம் பிரியாணி இறக்கியிருப்பார்கள். இர்ஃபானாவிடம் என்ன சொல்வது, பார்த்துவிட்டேன் என்றுதான், வேறென்ன. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன், உதட்டைப் பார்த்தேன், ஒட்டியிருந்தது.

"அம்மிணி, புடிச்சிருக்கியா?"

நான் என் கையைப் பார்த்தேன். இறுக்கித்தான் பிடித்திருந்தேன், என் விரல் வெளுக்கிற அளவுக்கு. அவளுக்குத் தெரியவில்லை.

"புடிச்சிருக்கேன்க்கா."

"நானும் இப்படித்தான் சொல்லுவேன்" என்றாள், கண்ணைத் திறக்காமல், சிரிக்கிற மாதிரி.  கையை விரலிலிருந்து மேலே நகர்த்தினேன். உள்ளங்கையில் அழுத்தினேன், இப்பத் தெரியுதா என்று கேட்டேன், இல்லை என்று தலையை ஆட்டினாள். மணிக்கட்டைப் பிடித்தேன். என்னவோ தொடுகிறது என்றாள், சரியாகத் தெரியவில்லை என்றாள். இன்னும் மேலே போனேன், முழங்கைக்குக் கொஞ்சம் கீழே, சதைப்பற்றாக இருக்கிற இடத்தில் அழுத்திப் பிடித்தேன்.

"ம். இப்பத் தெரியுது" என்றாள். அங்கேயே பிடித்துக்கொண்டிருந்தேன்.